நெட்டுக்கோடு

அப்பாவைச் சுவர்ப்பக்கமாகப் புரட்டிப் பிடித்துக்கொண்டு, நனைந்த விரிப்பை உருவி, உலர்ந்ததை அடியில் செருகுவதற்குள் லோரெட்டாவுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. வற்றிப்போன உடம்புதான். ஆனால் தன் பங்குக்கு ஒரு விரலைக்கூட அசைக்காத உடம்பு என்னமோ கனக்கத்தான் செய்கிறது.

"மைனஸ்," என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடியே.

"எதுக்கு?"

"காலை லேட்டா வச்ச. இடுப்பால தள்ளணும். நீ கையால தள்ளுற."

எமில் கோவாச்சுக்கு வயது எண்பத்து நான்கு. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பாலில், பெல்ஃபோர்ஜ் பள்ளி அணிக்கு நாற்பத்திரண்டு வருடம் கோச்சாக இருந்தவர். ஒவ்வொரு ஆட்டத்தையும் படம்பிடித்து, மறுநாள் போட்டுப் பார்த்து, முன்வரிசையில் நிற்கும் ஐந்து பேருக்கும் ஒவ்வொரு மோதலுக்கும் தாளில் பிளஸ் அல்லது மைனஸ் போடுவார். அந்தப் பழக்கம் மைதானத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அம்மா வைத்த சூப்புக்கு மைனஸ். அம்மாவின் அடக்கத்தில் பாதிரியார் பேசியதற்கு, நீளம் என்று மைனஸ். லோரெட்டாவின் கல்யாணத்துக்கு மைனஸ், ஆறு வருடம் கழித்து விவாகரத்துக்கும் மைனஸ். ஒரே காரியத்தைச் செய்ததற்கும் கலைத்ததற்கும் எப்படி மைனஸ் வரும் என்று அவள் கேட்டதில்லை.

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பன்னிரண்டு வயதில் அவளை அந்தத் தாள் எழுத உட்காரவைத்தார். அவர் பார்த்துச் சொல்வார், அவள் எழுதுவாள். நாற்பத்தாறு வருடமாக எழுதுகிறாள். இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிற பாதிக் கோச்சுகளைவிட அவளுக்கு ஆட்டம் தெரியும். தெரியுமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

இப்போது புற்றுநோயில் படுத்துவிட்ட அப்பாவின் கட்டில் முன்னறையில், டிவிக்கு நேராகக் கிடந்தது. பதினொரு மாதமாக அவரைக் கழுவுவதும் துடைப்பதும் நாக்கடியில் மருந்துச் சொட்டு விடுவதும் லோரெட்டா. தம்பி மார்ட்டி இரண்டு தெரு தள்ளி இருந்தான். நாலு வருடமாக இந்த வாசற்படி மிதிக்கவில்லை.

காரணம் கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அப்பாவுக்குப் 'பவர்' என்கிற முறைதான் ஆட்டம். முன்வரிசையில் இரண்டு பேர் சேர்ந்து எதிராளி ஒருவனை நசுக்க வேண்டும். இடது கார்டு, அதாவது நடுவே நிற்பவனுக்கு இடப்பக்கத்தான், தன் இடத்தை விட்டு, வரிசைக்குப் பின்னால் ஓடி, வலப்பக்கம் காத்திருக்கிறவன்மேல் போய் விழ வேண்டும். அவன் உடைத்த வழியில் பந்தைத் தூக்கியவன் ஓடுவான். யார் யாரை அடிப்பது என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஆட்டம். அப்பாவின் இடத்துக்குக் கோச்சாக வந்த முதல் நாளே மார்ட்டி அதைத் தூக்கி எறிந்துவிட்டு 'ஜோன்' என்கிற முறையைக் கொண்டுவந்தான். அதில் ஐந்து பேரும் ஒரே பக்கம், ஒரே காலை எடுத்து வைக்க வேண்டும். யாருக்கும் தனி எதிரி இல்லை, எதிரே வருகிறவன் அவனவன் பொறுப்பு. எங்கே திறக்கிறதோ அங்கே பந்துக்காரன் புகுந்துகொள்வான்.

"உங்க காலத்துல மில்லு இருந்துச்சு, மாடு மாதிரி பசங்க இருந்தாங்க. எங்கிட்ட இருக்கிறதெல்லாம் நூத்தறுபது பவுண்டு," என்றான் மார்ட்டி அன்றைக்கு.

"காத்தை மறிக்கிற ஆட்டம்டா அது. பயந்தாங்கொள்ளி ஆட்டம்," என்றார் அப்பா. அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் டிஸ்க் தபால்பெட்டியில் கிடக்கும், ஒரு வரி எழுத்தும் இல்லாமல். அப்பா பார்ப்பார், லோரெட்டா எழுதுவாள், செவ்வாயன்று அந்தத் தாளைக் கொண்டுபோய் மார்ட்டியின் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வருவாள். நாலு வருடத்துத் தாளிலும் மைனஸ், மைனஸ், மைனஸ். ஒரு பிளஸ்ஸுக்காக அந்த ஐம்பத்தைந்து வயது மனிதன் வாராவாரம் டிஸ்க் அனுப்பிக்கொண்டிருந்தான். அனுப்புகிறவனைவிட அதைச் சுமந்துகொண்டு போனவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, விரிப்பு மாற்றியபின், அப்பா டிவியைக் கண்ணால் காட்டினார். கடைசி ஆறு நிமிடம் மீதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பார்க்கிறார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தூங்கிப்போவார்.

"மைனஸ். நடுவுல இருக்கவனுக்கும் மைனஸ். வலது... மைனஸ்." குரல் பாதி காற்றாக வந்தது.

கடைசி ஓட்டம் வந்தது. பெல்ஃபோர்ஜ் நாலு புள்ளி பின்னால், முப்பத்தெட்டு கஜம் போக வேண்டும். ஐந்து பேரும் ஒரே காலை எடுத்து வைத்தார்கள். இடது கார்டாக நின்ற ஒரு பொடியன், நேட் என்று பெயர், பக்கத்தில் நிற்பவனோடு சேர்ந்து ஒருவனைத் தோளால் நகர்த்திவிட்டு, அவனைப் பக்கத்துக்காரனிடம் விட்டு, அடுத்தவனிடம் போய் ஒட்டிக்கொண்டான். நடுவே வாசல் திறந்த மாதிரி வழி. பந்துக்காரன் எல்லைக்கோடு வரைக்கும் தனியாக ஓடினான்.

"திரும்பப் போடு," என்றார் அப்பா.

போட்டாள். மறுபடி போடச் சொன்னார். நாலாவது தடவை அவர் வாய் கோணிற்று. வலியோ என்று மருந்துப் புட்டியை எடுத்தாள். வலி இல்லை, சிரிப்பு.

"பிளஸ்," என்றார்.

"யாருக்கு?"

"அஞ்சு பேருக்கும். அந்தப் பொடியன் பாரு... பிளஸ்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "மார்ட்டிகிட்ட சொல்லு. அவன் செஞ்சது சரிதான்னு."

லோரெட்டா ஐந்து கட்டத்திலும் கூட்டல் குறி போட்டாள். பென்சில் முனை தாளில் அழுந்தியது. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டாள்.

"எனக்கு என்ன போடுவீங்கப்பா?"

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். கேலி இல்லை, கோபம் இல்லை. அவள் எதைக் கேட்கிறாள் என்றே புரியாத பார்வை.

"உனக்கா?" என்றார். "நீ எழுதுறவதானே."

அவ்வளவுதான். மத்தியானம் இரண்டே காலுக்கு, அவள் சமையலறையில் தனக்கு ஒரு முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது, முன்னறையிலிருந்து வந்துகொண்டிருந்த மூச்சின் கரகரப்பு நின்றது. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். கண் டிவியைப் பார்த்தபடி இருந்தது. மூடிவிட்டாள். தாடையை ஒரு துண்டால் கட்டினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முட்டையைத் தின்றாள், பசித்தது.

தின்று முடித்துக் கையைக் கழுவிவிட்டு, தாளை எடுத்தாள். பென்சிலின் பின்பக்கத்து ரப்பரால் ஐந்து கட்டங்களிலும் நெட்டுக்கோட்டை மட்டும் அழித்தாள். படுக்கைக்கோடு அப்படியே இருந்தது. அதிக வேலை இல்லை, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அப்பா சொன்னதையே மாற்றி மாற்றிச் சொல்ல, அழித்து எழுதி, அழித்து எழுதிப் பழகிய கை. அவர் தாளில் எப்போதும் நாலு இடம் அழிந்துதான் இருக்கும். தூளை ஊதித் தள்ளிவிட்டு, தம்பிக்குப் போன் செய்தாள்.

மார்ட்டி பயிற்சி மைதானத்திலிருந்து விசில் கழுத்தில் தொங்க ஓடிவந்தான். வாசலில் ஷூவைக் கழற்றினான். நாலு வருடத்துக்கு முன் அந்த வீட்டில் யாரும் ஷூ கழற்றியதில்லை. யாரோ வீட்டுக்கு வந்தவன் மாதிரி கழற்றினான். கட்டிலருகே மண்டியிட்டு அப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்தான்.

"வலிச்சுதாக்கா?"

"இல்ல."

"கடைசில என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"உன் டிஸ்க்கைத்தான் பாத்துட்டிருந்தாரு."

அவன் நிமிர்ந்தான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஏழு வயதில் பரீட்சைத் தாளை நீட்டிக்கொண்டு அப்பா முன் நிற்பான், அதே முகம். லோரெட்டா தாளை நீட்டினாள். அவன் கண் நேராகக் கடைசி வரிக்குப் போனது.

"இதுக்குமா?" என்றான் மெல்ல. "இதுல ஜெயிச்சோமேக்கா."

"ஜெயிச்சா என்ன."

"ஏதாவது சொன்னாரா? என்னைப் பத்தி?"

"உன் பேரையே எடுக்கல," என்றாள் லோரெட்டா.

அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முகத்தைக் கட்டில் விளிம்பில் புதைத்து அழுதான். தோள் குலுங்கியது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினொரு மாதத்தில் முதல்முறையாக நிம்மதியாக மூச்சு வந்தது. பாவம் என்று ஒரு ஓரத்தில் தோன்றாமல் இல்லை. அது ஓரத்திலேயே இருந்துவிட்டுப் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை அடக்கம். பெட்டியைத் தூக்க அப்பா ஏற்கனவே பேர் எழுதிவைத்திருந்தார். அவருடைய பழைய முன்வரிசைக்காரர்கள் ஆறு பேர், எல்லாரும் அறுபதைத் தொட்டவர்கள். மார்ட்டியின் பேர் அதில் இல்லை. வழுக்கும் புல்லில் பெட்டி சாயப் பார்த்தபோது, தலைப்பக்கம் பிடித்திருந்த சக் பெட்ராக், "இடது கால், எல்லாரும் சேந்து வைங்கடா," என்று அடிக்குரலில் சொன்னார். எல்லாரும் சேர்ந்து வைத்தார்கள். ஜோனைத் தூற்றியவரை ஜோன் நடையில்தான் குழிக்குக் கொண்டுபோக முடிந்தது.

அன்று மாலை வெளியேற்று ஆட்டம், தோற்றால் பருவம் முடிந்தது. அதனால் மார்ட்டியின் பையன்கள் எல்லாரும் அணிச் சட்டையோடே வந்திருந்தார்கள். தேவாலயக் கூடத்தில் சாப்பாடு. பெண்கள் முட்டைக்கோஸ் நூடுல்ஸும் பொரித்த கோழியும் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தார்கள். லோரெட்டா காப்பி ஊற்றிக்கொண்டே வந்தபோது, மார்ட்டி தன் மேசையில் அன்றைய ஆட்டத்தில் பவர் ஆடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னிக்கு சாயங்காலமா? மார்ட்டி, ஒரு மத்தியானத்துல பவர் சொல்லிக்குடுக்க முடியாது. நான் படிக்க ரெண்டு வருஷம் ஆச்சு."

"ஒரே ஒரு ஆட்டம்தானே. வலப்பக்கம் மட்டும்," என்றான் மார்ட்டி. மூன்று நாளாகத் தூங்காத கண். "நேட் போவான்."

"அந்தப் பக்கம் நிக்கிறவன் யாருன்னு தெரியும்ல? இருநூத்தெழுபது பவுண்டு. போன வாரம் ரெண்டு பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கான். உன் பையன் என்ன எடை இருப்பான்? என் நாய் இருக்கும் அந்த எடை."

"அப்பா சாகும்போதும் அதைத்தானே சொன்னாரு." மார்ட்டி பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் விரித்தான். மடிப்பு அதற்குள் நைந்திருந்தது. "ஜெயிச்ச ஆட்டத்துக்கே மைனஸ். நாலு வருஷம் நான் கேக்கல சக். இன்னிக்காவது கேக்குறேன். இல்லக்கா? நீதானே பக்கத்துல இருந்த. நீ சொல்லு."

சக் அவளைப் பார்த்தார். பெட்டி தூக்கிய மற்ற ஐந்து பேரும் பார்த்தார்கள். மேசையில் ஒருவரும் மெல்லவில்லை. ஆட்டத்தைப் பற்றிய ஒரு கேள்விக்கு ஆண்கள் லோரெட்டாவின் வாயைப் பார்த்துக் காத்திருந்தது அவள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. தாளில் அந்த ஐந்து கட்டங்களிலும் பென்சில் அழுந்திய பள்ளம் மங்கலாகத் தெரிந்தது, தெரிந்தவளுக்கு மட்டும். ஒரே வாக்கியம் போதும். தம்பிக்கு அப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், அந்தப் பையனையும் காப்பாற்றிவிடலாம். அதற்குப் பிறகு இவர்கள் மறுபடி தட்டைப் பார்ப்பார்கள், அவள் காப்பி ஊற்றுவாள்.

"ஆமா," என்றாள் லோரெட்டா. "பவர் பவர்னுதான் சொல்லிட்டிருந்தாரு."

சக் பெருமூச்சு விட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டார். பழைய கோச் சொன்னார் என்றால் சொன்னதுதான்.

அவள் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள். கடைசி மேசைகளுக்கு நடுவே இருந்த சந்தில் நேட் பவர் ஓட்டம் பழகக் குனிந்து நின்றுகொண்டிருந்தான். டிவியில் பார்த்ததைவிடச் சின்னவன், அணிச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஓட முயன்றான், கால் பின்னி நாற்காலியில் இடித்துக்கொண்டான். அவளைப் பார்த்ததும் காது சிவந்தது.

"மேடம், கோச் சொன்னாரு, உங்களுக்கு இதெல்லாம் தெரியும்னு. எந்தக் காலை முதல்ல வைக்கணும்?"

லோரெட்டா தட்டுகளை மேசையில் வைத்தாள். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"வலது கால். பின்னாடி இழுத்து வை. முழங்கையையும் அதே பக்கம் இழு, உடம்பு தானா திரும்பும்."

"தலையை?"

"நிமித்தாத. குனிஞ்சே போ. அங்க எவன் நிக்கிறான்னு பாக்காத, பாத்தா கால் நின்னுடும்."

அவன் மறுபடி குனிந்தான். வலது காலை இழுத்து வைத்தான், திரும்பினான், மேசைகளை ஒட்டி ஓடி, காப்பி அண்டாவைச் சுற்றி வளைந்து, கூடத்தின் கோடியில் இருந்த சுவரில் தோளை மோதினான். மேலே தொங்கிய தேவாலயக் காலண்டர் ஆடியது. தோளைத் தடவிக்கொண்டு திரும்பி அவளைப் பார்த்தான்.

"சரியா மேடம்?"

"பிளஸ்," என்றாள் லோரெட்டா.

அவன் பல் தெரியச் சிரித்தான். முதலில் நின்ற இடத்துக்கு ஓடிவந்து, இன்னொரு தடவை குனிந்தான்.