வெள்ளை விளிம்பு

என் வீட்டுக்காரர் தோண்டியெடுக்கிற எலும்புக்கூடெல்லாம் போர்வீரன்தான். காய்ச்சலில் படுத்துச் செத்தவன் ஒருத்தன்கூட இதுவரை அவர் மண்வெட்டிக்கு அகப்பட்டதில்லை.

அவர் அகழாய்வுக் குழுவின் தலைவர். எந்த எலும்பு, எப்போது, எதனால் உடைந்தது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பதைப் போல ஒரு தண்டனை உலகத்தில் கிடையாது.

இந்த முறை எழுநூறு வருஷத்து மனிதன். மண்டையோட்டின் இடப்பக்கம் ஒரு வெட்டு. நான் பார்ப்பதற்கு முன்பே, "வாளுக்கு விழுந்த வீரன்" என்று நிருபர்களைக் கூட்டிச் சொல்லிவிட்டார். மறுநாள் கண்காட்சித் திறப்பு. பலகையும் எழுதி மாட்டியாயிற்று. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நான் மாட்டேன் என்றால் பலகை இறங்கும், கூடவே அவர் மானமும்.

"கையெழுத்துதானே, போட்டுடேன்" என்றார்.

"முதல்ல என்னைப் பாக்க விடுங்க."

"மணிக்கட்டையும் பாரு. முறிஞ்சு கூடியிருக்கு. வாளைத் தடுத்திருக்கான்."

"வழுக்கி விழுந்து கையை ஊன்றினா இப்படித்தான் முறியும். போன வருஷம் குளியலறையில உங்களுக்கு முறிஞ்சுதே, நீங்க எந்தப் போருக்குப் போனீங்க?"

"அது தரையோட தப்பு."

பூதக்கண்ணாடியை அவர் கையில் திணித்தேன். மண்ணுக்குள் கிடந்த எலும்பு ஊறிப்போய்த் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். சாகும்போது விழுந்த வெட்டு என்றால் அதன் விளிம்பும் அதே நிறத்தில் இருக்கவேண்டும். இதுவோ சுண்ணாம்பு வெள்ளை; அப்படியென்றால் தோண்டும்போது விழுந்த புது வெட்டு. முதல் வருஷப் பாடம் இது. அவருக்கும் தெரியும். தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்கிறவரிடம் பாடம் எடுபடுமா?

"வெளிச்சம் சரியில்ல" என்றார்.

விளக்கைக் கிட்டே இழுத்து வைத்தேன்.

"அப்ப கழுவினவங்க அழுத்தித் தேய்ச்சிருப்பாங்க."

"கழுவினது நான்தாங்க!"

அதோடு என் பொறுமை போயிற்று. அவர் பையைத் திறந்து, வேறு யாரையும் தொடவிடாத அந்தச் சின்ன மண்வெட்டியை எடுத்து வந்தேன். எலும்பில் படாமல் வெட்டுக்கு மேலே பிடித்தேன். அகலம் பொருந்தியது, வளைவு பொருந்தியது, முனையில் இருந்த நெளிவுகூடப் பொருந்தியது.

"இவனை வெட்டின வீரன் யாருன்னு இப்பவாவது தெரியுதா?"

முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மண்வெட்டியைப் பார்த்தார், மண்டையோட்டைப் பார்த்தார். அடுத்து யார் தலையில் பழியைப் போடப்போகிறார் என்று நான் வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன்.

"பலகையை இறக்கச் சொல்லிடறேன். நிருபர்கள்கிட்டயும் நானே சொல்லிக்கறேன்" என்றார். பிறகு குனிந்து, அந்த வெள்ளை விளிம்பை விரலால் மெதுவாகத் தடவினார். "மன்னிச்சுக்கப்பா. தப்பு என்மேலதான்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து நான் கேட்கக் காத்துக்கிடந்த வார்த்தை. அதையும் செத்து எழுநூறு வருஷமானவனிடம் போய்ச் சொல்கிறார்.