பாலைவனத்தில் கொட்டிய டீ

ராணியம்மாள் டீச்சர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செருப்பை வாசலில் விடுவாள், என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பாள், நான் துடைத்து வைத்த தரையில் இந்தியா மேப்பைப் பாய் மாதிரி விரிப்பாள். அந்தப் பக்கம் அவள் குனிவாள், இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் குனிவார். நடுவில் இருப்பது இந்தியாவாம். இருக்கட்டுமே! தலைக்கும் தலைக்கும் ஒரு சாண்கூட இல்லையே, அதற்கு என்ன சொல்வது?

என் வீட்டுக்காரர் அப்பாதுரை டூரிஸ்ட் பஸ் டிரைவர். திருவண்ணாமலையிலிருந்து காசிக்குப் போகிற கூட்டம் எதுவானாலும் முதலில் தேடுவது அவரைத்தான். அந்த டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. எண்பத்தாறாம் வருஷம் அவளுக்கு ஓர் ஆசை பிறந்தது. காசியும் வேண்டாம், கயாவும் வேண்டாம், பாலைவனத்தைப் பார்க்க வேண்டும். கூட வேலை பார்க்கிற டீச்சர்களையும் கிளப்பிவிட்டாள். ஜெய்சல்மேரில் மணல் மேடு, திரும்புகிற வழியில் ரந்தம்பூர் காட்டில் புலி, பரத்பூரில் பறவைகள். கோயில் என்று ஒன்றுகூட இல்லாத டூர். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"மே மாசம்னா எங்களுக்கு லீவு நெறைய இருக்கு அப்பாதுரை."

"மே மாசமா? டயரு வெடிச்சுப் பூடும் டீச்சர். தண்ணி ஊத்தி ஊத்தியே ரேடியேட்டர் செத்துடும். தீபம் முடியட்டும், அரைப் பரீட்சை லீவோட இன்னும் கொஞ்சம் லீவு சேத்துப் போட்டுக்குங்க. அப்பதான் அங்க பகல்ல குளுகுளுன்னு இருக்கும்."

விரலால் மேப்பில் கோடு இழுத்துக்கொண்டே போவார். பெங்களூர், பூனா, அகமதாபாத். எங்கே டீசல் போடுவது, எந்த ஊரில் தண்ணீர் உப்பு, எந்த மரத்தடியில் நிறுத்திச் சோறாக்குவது, எல்லாம் சொல்வார். எங்கள் ஊர்ச் சேட்டு வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு தடவை ஜோத்பூர் வரைக்கும் வண்டி ஓட்டிப் போயிருக்கிறார். அப்போது இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டும் வந்தாராம்.

"ஜோத்பூர் தாண்டினா மரம் கம்மியாயிடும் டீச்சர். அப்பறம் வெறும் முள்ளு. அப்பறம் அதுவும் கெடையாது. ரோட்டு மேலயே மணலு நெளிஞ்சு நெளிஞ்சு ஓடும், பாம்பு போற மாதிரி. சாயங்காலம் ஆனா அந்த மணலு மஞ்சளா இருந்தது செவப்பா மாறும். வண்டிய நிறுத்திட்டு எறங்கி நின்னேன். ஒரு சத்தம் கெடையாது. என் காதே எனக்குக் கேட்டுது."

நான் அடுப்பங்கரையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். யார் இந்த ஆள்? நான் கட்டிக்கொண்டவரா? காசிக்குப் போய்விட்டு வருவார், கங்கைச் சொம்பை என் கையில் கொடுப்பார். "எப்படிங்க இருந்துது?" என்று ஆசையாகக் கேட்பேன். "இன்னா இருக்கும்? எல்லாம் ரோடுதான்" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒரு தடவை என்னையும் கூட்டிப்போங்கள் என்றதற்கு, "அது சவாரி வண்டிடி, உங்கப்பன் வூட்டு மாட்டு வண்டியா?" என்றார். நான் பார்த்த தேசம் திருப்பதியும் வேலூரும்தான். எனக்குத் தராத மணலை அவளுக்கு அள்ளி அள்ளிக் கொடுக்கிறார். வயிறு எரியுமா எரியாதா?

எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்ற ஒருத்தி வேண்டுமே, பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் வந்தாள். "இன்னா தனம், டீச்சரம்மா தெனம் வராங்க போல?"

"மேப்பு பாக்கறாங்க."

"பாக்கட்டும், பாக்கட்டும். பஞ்சையும் நெருப்பையும் பக்கத்துல வச்சிட்டு நீ பாட்டுக்கு அடுப்பாண்ட நில்லு."

மறுநாள் நான் டீ எடுத்துக்கொண்டு வரும்போது என் வீட்டுக்காரர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பௌர்ணமி அன்னிக்கு ஜெய்சல்மேர்ல இருக்கற மாதிரி நாள் வச்சுக்கலாம் டீச்சர். மணல் மேட்டு மேல உக்காந்து நெலா ஏறுறதப் பாக்கணும் நீங்க."

"அப்ப அதுக்குன்னே ஒரு ராத்திரி அங்க தங்கிடலாம்" என்று அவள் கண் விரியச் சொன்னாள்.

நிலாவாம்! என் பிறந்த வீட்டு விசேஷம் ஒன்றுக்காவது தேதி ஞாபகம் வைத்திருந்தாரா இந்த மனுஷன்? டம்ளரை நங்கென்று மேப்பின் மேல் வைத்தேன். டீ குபுக்கென்று தளும்பி ராஜஸ்தான் முழுக்க ஓடியது. அவள் முந்தானையால் துடைக்கப் போனாள். என் வீட்டுக்காரர் அவள் எதிரிலேயே, "அறிவு இருக்குதா உனக்கு?" என்று கத்தினார்.

அவ்வளவுதான். எனக்கு வாய் திறந்துகொண்டது. "எனக்கு ஏங்க அறிவு? அறிவெல்லாந்தான் மேப்பத் தூக்கிட்டு வூடு தேடி வருதே! நெலாவக் காட்டறாராம் நெலா! எனக்கு ஒரு நாளு தெரு வெளக்கையாவது காட்டியிருப்பீங்களா?" டீச்சர் முகம் வெளுத்து, நனைந்த மேப்பைச் சுருட்டிக்கொண்டு போனாள். நான் விடவில்லை. தெருவுக்கே வந்து கத்தினேன். சந்திரம்மாள் வாசலில் வந்து வசதியாக நின்றுகொண்டாள்.

 அவர் உள்ளே போய் ஒரு கட்டி கற்பூரம் எடுத்து வந்தார். எங்கள் வாசலில் நின்றால் மலை நேர் எதிரே தெரியும். மலையைப் பார்த்து நின்று, வாசற்படியில் கற்பூரத்தை ஏற்றினார்.

"அண்ணாமலையான் மேல ஆணையா சொல்றேன். அந்த டீச்சர் போற வண்டில நான் கால வச்சேன்னா, இந்தக் கை வெளங்காமப் பூடணும்."

உள்ளங்கையால் அடித்துக் கற்பூரத்தை அணைத்தார். எங்கள் ஊரில் மலைக்கு எதிரே கற்பூரம் அணைத்தவன் சொல் மாறினதாக நான் கேட்டதில்லை. மாறினால் எங்கே போய் ஒளிவது? எந்தத் தெருவில் திரும்பினாலும் மலை நிற்கிறதே.

"கொடுத்து வச்சவடி நீ" என்றாள் சந்திரம்மாள். "பொண்டாட்டிக்காக யாரு இப்படிச் செய்வாங்க?" டூருக்குப் போகிற பஸ்ஸை, வாங்கின நாள் முதல் அவரைத் தவிர வேறு யாரும் ஓட்டியதில்லை. இப்போது அதை ஓட்ட இருசப்பன் என்ற இன்னொரு டிரைவரை ஏற்பாடு செய்துவிட்டார் பஸ் முதலாளி. நான் ஜெயித்துவிட்டேன். அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அவர் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அவர் போகவில்லை, சரி, எரிச்சல் மட்டும் ஏன் இன்னும் அடங்கவில்லை?

பாதிச் சண்டை பாக்கி இருக்கிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கே போனேன். மேப்பைக் கொடியில் காயப்போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நம்புங்க. பாலைவனம் பாலைவனம்னு எத்தன வருஷமா போர்டுல வரைஞ்சிட்டிருக்கேன். சாகறதுக்குள்ள ஒரு தடவ அந்த மணல மிதிக்கணும், அவ்வளவுதான்."

"எனக்குந்தான்!" என்றேன்.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அதைச் சொல்லவா வந்தேன்? ஆனால் சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "நீங்க அவரப் பாத்தது எனக்குப் பொறுக்கலன்னுதான் நெனச்சேன் டீச்சர். அது இல்ல. நீங்க போப்போறீங்களே, அதான் பொறுக்கல. எனக்கு அந்த மணலப் பாக்கணும்." சொல்லிவிட்டு அழுதுவிட்டேன், மானங்கெட்டவள்.

டீச்சர் என்னை உட்கார வைத்தாள். "சமையலுக்கு ஒரு ஆம்பளையத்தான் பேசியிருக்கோம். எல்லாரும் பொம்பளைங்க, ஒரு பொம்பளை வந்தா எங்களுக்கும் நல்லது. நீங்க வரீங்களா?"

வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து அவர் சிரிப்பும் நின்றது.

"நானு இல்லாமயா?"

"கற்பூரம் அணைச்சது நீங்கதானே? நான் அணைக்கலியே."

"உனக்காகத்தானேடி அணைச்சேன்?"

"அணைக்கச் சொல்லி நானா கேட்டேன்?"

அதற்குப் பிறகு அந்த டூரில் அவர் சொல்லாத குறை இல்லை. ரோடு மோசம், ஒட்டகம் கடிக்கும், தண்ணீர் வயிற்றைப் போக்கும். "ஒண்ணும் இல்லடி அங்க, வெறும் மணலு" என்றார். "அந்த வெறும் மணலைத்தான் பாக்கப் போறேன்" என்றேன். தனியாக இருக்கும்போது வாசலில் நின்று மலையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கள் பெண்ணைக் கீழ்பென்னாத்தூரில் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

கிளம்புகிற காலையில் தேரடியில் பஸ் நின்றது. ஸ்டவ், அரிசி மூட்டை, தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் அவரே தூக்கி வந்தார். படியில் கால் வைக்காமல் ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாக நீட்டினார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், டயர்களைத் தட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் தோள் துண்டால் துடைத்தார். இருசப்பன் ஏறி ஸ்டீரிங்கில் கை வைத்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

எனக்கு மனசு இளகிப்போயிற்று. சண்டைக்காரிதான், அதற்காகக் கல்லா நான்? ஜன்னலில் தலையை நீட்டி, "அழாதீங்க, சீக்கிரம் வந்துடறேன்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வண்டி நகர்ந்தது. கூடவே ஓடி வந்தார், டிரைவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு. "இருசப்பா, செகண்ட் கியரு ஒடனே விழாது. அடிக்காத. நோவாமப் போடு. மேட்டுல இழுக்காட்டி அதட்டாத, கொஞ்சம் வுட்டுக் குடு, தானா ஏறும். வெயில்ல நிறுத்தாதடா!"

கண்ணீர் கன்னத்தில் வழிய, தேரடித் தெரு முனைவரைக்கும் ஓடி வந்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாவம், உங்கள விட்டுட்டு இருக்க முடியல போல அவருக்கு."

"ஆமா டீச்சர்" என்றேன். வயிறு எரிந்தது.