நான்கு நிமிடம் பிந்திய காது

கஹவத்தைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையின் ஆசிரியர் தருமலிங்கத்துக்கு ஓர் அறை வேண்டியிருந்தது. ஐந்து வகுப்பும் ஒரே கொட்டகையில். நான்காம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் இரண்டாம் வகுப்பு அதை எழுதிக்கொண்டது. பழைய உரக் களஞ்சியத்தைத் தரும்படி தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் கேட்டார்.

"அங்க என்ன படிச்சுக் குடுப்பீங்க மாஸ்டர்?"

தருமலிங்கத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. "விஞ்ஞானம், சேர்! இப்ப நட்சத்திரங்களை ரேடியோவாலை கேக்கினம். ஒரு கண்டத்திலை ஒரு கருவி, இன்னொரு கண்டத்திலை ஒண்டு. ரெண்டு பதிவையும் சேர்த்தால் பூமியளவு பெரிய ஒரே காது! நாளைக்கு ஆகாயத்திலையும் ஒரு காதை வைப்பினம்."

"ஹரி, சரி. நம்ம மேல் டிவிசனையும் கீழ் டிவிசனையும் ஒரே காதா ஆக்கிக் காட்டுங்க. ரூம் ஒங்களுக்கு."

சித்திரை மாதம், மாலைதோறும் இடி. ஒரு மாலை மேல் டிவிசனில் தருமலிங்கமும், கீழ் டிவிசனில் வேலைக்கு மணியடிக்கும் முத்துவீரனும் ஆளுக்கொரு டிரான்சிஸ்டருடன் உட்கார்ந்தார்கள். மின்னலின் பெரிய கரகரப்புக் கேட்கும்போதெல்லாம் அங்கங்கே உள்ள கடிகாரத்தைப் பார்த்து, நிமிடத்துக்கொரு கோடு போட்ட காகிதப் பட்டியில் புள்ளி வைத்தார்கள்.

மறுநாள் துரை தன் கந்தோரில், அலுவலக மேசையில், இரண்டு பட்டிகளையும் அருகருகே வைத்தார்.

"ஒரு புள்ளிகூடச் சேரலயே! ஒரு காது இங்க, மத்தது கொடகவெல டவுன்லயா?"

கந்தோரே சிரித்தது. முத்துவீரன் மாஸ்டரின் காதருகே குனிந்தார்.

"ஐயா, கொழுந்தெடுக்கிற நம்ம சுப்பம்மாவுக்கு முழங்கால் வீக்கமுங்க. காலைல பேர் பதியிற பெரட்டுக்குப் பிந்தினா வேலை குடுக்காம வெரட்டிருவாங்க. அதான் கீழ்க் கடிகாரத்த நாலு நிமிசம் பின்னால வச்சு மணியடிக்கிறேன்."

உண்மையைச் சொன்னால் முத்துவீரனின் வேலை போகும். சும்மா இருந்தால் அறை போகும். பொய் சொன்னால் காலையில் பூசிய திருநீற்றுக்கு என்ன மரியாதை? 'முருகா!' என்று கண்ணை மூடினார். எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது.

"சேர், அந்தப் பெரிய விஞ்ஞானிகளின்ரை கடிகாரங்களும் அச்சொட்டாய் ஒத்துப்போறேல்லை. ஒரு பதிவைத் தள்ளித் தள்ளிப் பாத்துத்தான் பொருத்துவினம்."

கீழ்ப் பட்டியை நான்கு கோடு நகர்த்தினார். பதினொரு புள்ளிகளும் சோடி சோடியாக நின்றன.

துரை வாயைப் பிளந்தார். பிறகு, "அப்ப கீழ்க் கடிகாரம் பிழை. இன்னைக்கே சரி பண்ணச் சொல்றேன்" என்றார்.

"ஐயோ, தொடவேண்டாம் சேர்! மாசாமாசம் கேட்டு இதோடை ஒப்பிடப் போறன். கடிகாரம் இப்பிடியே இருக்கட்டும்."

"எத்தனை மாசத்துக்கு?"

துரையின் முதுகுக்குப் பின்னால் முத்துவீரன் இரண்டு விரலைக் காட்டினார். பிறகு தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி, ஐந்தாக்கினார்.

"அஞ்சு மாசம், சேர்."

களஞ்சியத்தின் சாவி அன்றே கைக்கு வந்தது. சொன்ன வார்த்தை பொய்யாகிவிடக் கூடாதே என்று தருமலிங்கம் மாதம் ஒரு மாலை டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக் காத்திருந்தார். ஆடியில் இடியே இல்லை. அன்றைக்கும் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.