நட்சத்திரம் போட்ட உறைபனி

1

இந்தக் கதை என் வயிற்றெரிச்சலில் பிறந்தது. என் மனைவி ஸ்திஸ்லவாவுக்கு செக் நாட்டு ப்ர்னோ நகரில் ஒரு சொற்பிறப்பு அகராதியில் வேலை. மரக்கிளைகளில் வெள்ளையாகப் படிகிற உறைபனிக்கு, செக், ரஷ்யன் முதலிய மொழிகளின் மூதாதை மொழியைப் பேசிய ஆதி ஸ்லாவியர் என்ன சொல் வைத்திருந்தார்கள், அது எங்கிருந்து வந்தது என்பதிலேயே அவள் இளமை போயிற்று. *இன்யி. முன்னால் நட்சத்திரம் இருந்தால், அதை எவரும் எழுதி வைக்கவில்லை, இன்றைய மொழிகளை ஒப்பிட்டு ஊகித்தது என்று அர்த்தம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ஆதி ஸ்லாவியன் ஒருவன் குடிசையை விட்டு வெளியே வந்து, வெளுத்த காட்டைப் பார்த்து...

[வேண்டாம். அவள் படித்துவிட்டு, "அவன் எங்க நின்னான்னே எங்களுக்குத் தெரியாது, நீ குடிசையே கட்டிட்டியா?" என்றாள்.]

3

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். லிதுவேனிய மொழியிலும் இதே போல் ஒரு சொல் உண்டு. இரண்டும் ஒரே தாய்ச்சொல்லில் பிறந்த உறவா, லிதுவேனியர் ஸ்லாவியரிடம் வாங்கிய கடனா என்பது பழைய சண்டை. கடன்தான் என்று நிறுவ அவள் ஒரு வழி கண்டாள். அவள் வேலை பார்க்கும் துறையில் ஒரு வழக்கம்: வெள்ளிக்கிழமை காபி மேசையில் அவரவர் யோசனையை வைப்பார்கள், மற்றவர்கள் உடைத்துப் பார்ப்பார்கள். இவளும் வைத்தாள். யாராலும் உடைக்க முடியவில்லை. அகராதியின் புதிய தொகுதி அச்சாகி வந்தபோது அதே வாதம் இருந்தது, அடியில் துறைத்தலைவர் வ்ர்ஸாலின் பெயர்.

"என்ன சார் இது?"

"காபி மேசையில சொன்னது மேசைக்குச் சொந்தம்மா. இத்தனை வருஷமா இருக்க, தெரியாதா?"

"அப்ப மேசை பேரைப் போட வேண்டியதுதானே?"

அவர் சிரித்தார்.

[வில்லனுக்கும் ஒரு நல்ல குணம் கொடுக்க வேண்டுமாம். தேடிப் பார்த்தேன். கையெழுத்து அழகாக இருக்கும்.]

4

முடிவு ஒன்று: அவள் வேலையை விடுகிறாள். (என் எழுத்தை நம்பியா?)

முடிவு இரண்டு: வ்ர்ஸால் வெட்கப்பட்டு... இதை எழுதி முடிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

உண்மையில் அவள் அந்தத் தொகுதிக்கு ஒரு மதிப்புரை எழுதியிருக்கிறாள். அந்த வாதம் எங்கே தட்டினால் ஆடும் என்று கட்டியவளுக்குத் தெரியாதா? சின்ன இடம்தான். ஊதிப் பெரிதாக்கியிருக்கிறாள். வெளிவந்தால் வ்ர்ஸாலின் மானம் கப்பலேறும்.

"வாதம் சரிதானே?" என்றேன்.

"சரிதான்."

"அப்புறம் ஏன் தப்புன்னு எழுதுற?"

"சரின்னா அது அந்தாளோடது. தப்புன்னா, கண்டுபிடிச்சது நான். எப்படியாவது என் பேரு அச்சுல வரணும்ல."

5

மதிப்புரை என் முன்னால் திறந்திருக்கிறது. ஆய்விதழுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு அவள் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள். அனுப்பினால் அவளுக்குப் பெயர் கிடைக்கும், அவள் கண்ட உண்மை அவள் கையாலேயே சாகும். அனுப்பாவிட்டால் அது வ்ர்ஸால் பெயரில் நன்றாக வாழும். இரண்டையும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"அனுப்பிட்டியா?" என்று கேட்கிறாள்.

வாசகரே, நீங்களே பதில் சொல்லுங்கள்.