முனீஸ்வரியின் தட்டு

நகராட்சி அதிகாரி தேவயானி மேடம் ஜீப்பை விட்டு இறங்கியபோது வாய்க்கால்மேட்டுத் தெருவில் ஒரு கோழிகூட இல்லை. மணி நாலு. வாழைக்காய் குடோனுக்கு இருட்டோடு வேலைக்குப் போனவர்கள் மூன்று மணிக்கெல்லாம் திரும்பி, இந்நேரம் தெரு முழுக்க அடுப்புப் புகையும் பிள்ளைகள் இரைச்சலுமாக இருக்க வேண்டும். அன்று எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. சிலதில் வெளியே பூட்டே தொங்கியது. மேடம் பைலைப் புரட்டினார். "நாப்பது குடும்பம் இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. எங்க?" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காரியத்தைக் கெடுத்தவள் நான்தான்.

வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் குடியிருக்கும் தெருக்களில் வேலை செய்கிற குழுக்களுக்கு நகராட்சி நிதி தருகிறது என்று கேள்விப்பட்டு, மனு எழுதியதும் நான்தான். எங்கள் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர். முனீஸ்வரி தலைவி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதற்காக என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள், வேறு தகுதி எதையும் யாரும் விசாரிக்கவில்லை. தெருமுனையில் மூடிக்கிடக்கும் பழைய ரேஷன் கடைக் கட்டடத்தைச் சரிசெய்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் போட வேண்டும் என்று கேட்டிருந்தோம். ஜார்க்கண்டிலிருந்து வந்த தாய்மார்கள் குடோனில் லாரிகளுக்கு நடுவே சாக்கை விரித்துத்தான் பிள்ளைகளைப் படுக்கவைக்கிறார்கள். சித்திரையில் ஒரு லாரி பின்னால் வந்தபோது சுக்மதியின் ஒன்றரை வயது மகள் மங்கரியின் கால் கட்டைவிரல் நசுங்கிப்போனது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் முனீஸ்வரி. சேலையெல்லாம் ரத்தத்தோடு திரும்பிவந்து என் வாசலில் நின்று, "எழுது லதா, யாருக்கு எழுதணுமோ எழுது" என்றாள்.

நிதிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. குறைந்தது முப்பது குடும்பமாவது இருக்க வேண்டும். வார்டு பதிவேட்டிலோ, வெளிமாநிலக் குடும்பங்கள் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது. அதனால்தான் நேரில் பார்க்க மேடமே வந்தார்.

போனில் படம் பார்த்து நான் கொஞ்சம் இந்தி கற்றுவைத்திருக்கிறேன். அந்தப் பவுசைக் காட்டாமல் இருக்க முடியுமா? முந்தின நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போய், நாளைக்கு ஆபீசர் வருகிறார், எல்லோரும் வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் சொன்னது அவர்களுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. போன வருஷம் பைலோடு வந்த ஒருவர் பெயர்களை எழுதிக்கொண்டு போன மறுவாரமே, ஒரு அறையில் இத்தனை பேரா என்று வீட்டுக்காரர் இரண்டு குடும்பங்களைச் சாமானோடு வெளியேற்றியிருந்தார். அது எனக்கும் தெரியும். தெரிந்தே ஆபீசர் என்ற சொல்லைத் தெரு முழுக்க விதைத்துவிட்டு வந்திருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நான் இன்னொரு நாள் வர முடியாதும்மா. இன்னைக்கு கடைசி தேதி" என்றார் மேடம்.

எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். எத்தனை மணிக்கு வரும் என்று கணக்கில்லை. முதலில் பார்ப்பவள் முனீஸ்வரிதான், குழாய் அவள் வாசலில் இருக்கிறது. உடனே ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டால் சோற்றில் கை வைத்தவர்கள்கூட எழுந்து குடத்தோடு ஓடிவருவார்கள்.

"தட்டைத் தட்டு முனீஸ்வரி" என்று பக்கத்தில் நின்றவள் காதில் சொன்னேன்.

"தண்ணி வராமயா? ஒருக்கா பொய்யாத் தட்டுனா, நாளப்பின்ன எவ நம்பி வருவா?" என்றவள், போனை எடுத்துத் தண்ணீர் திறந்துவிடும் கருத்தக்கண்ணனைக் கூப்பிட்டாள். அவளுக்குக் கொழுந்தன் முறை. ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

"மதினி, உங்க தெரு மொறை நாளன்னைக்குத்தேன். மொறை மாத்தித் தெறந்தா எனக்கு வேலை போயிரும். மேல இருந்து யாராச்சும் சொன்னாத்தேன்."

"மேல இருக்கவுக இங்கனதேன் நிக்காக. பேசு."

முனீஸ்வரி போனை மேடத்திடம் நீட்டினாள். மேடம் போனைப் பார்த்தார், பூட்டுகளைப் பார்த்தார். பிறகு வாங்கிக் காதில் வைத்து, "தேவயானி பேசுறேன். பத்து நிமிஷம் திறந்து விடுங்க. லைன் டெஸ்ட்னு எழுதிக்கோங்க" என்றார்.

குழாய் முதலில் காற்றைத் துப்பியது. கலங்கலாகக் கொஞ்சம் வந்து, பிறகு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வெள்ளையாக இறங்கியது. முனீஸ்வரி தட்டை எடுத்து ஓங்கி அடித்தாள்.

முதல் கதவு திறந்தது. அப்புறம் எதிர் வரிசை. பூட்டுத் தொங்கிய வீடுகளின் கொல்லைப்புறத்திலிருந்தும் குடங்கள் வந்தன. அண்டா, பெயிண்ட் வாளி, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகள். மேடத்தைப் பார்த்ததும் நாலைந்து பேர் தயங்கினார்கள். தண்ணீர் பத்து நிமிஷம்தான் என்று முனீஸ்வரி கத்தியதும் தயக்கமெல்லாம் போய் வரிசை கட்டினார்கள். சுக்மதி அண்டாவை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். சும்மா நின்றவர் ஒருவர்தான். "அக்கா, பிள்ளை பிடி" என்று மங்கரியை மேடத்தின் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

பைல் கீழே விழுந்தது. மங்கரி மேடத்தின் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். அவளைச் சரியாக ஏந்தப்போன மேடத்தின் கையில் அந்தக் கால் தட்டுப்பட்டது. நகமில்லாமல் வளைந்துபோன கட்டைவிரலை மேடம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மனுவுல எழுதியிருந்தது இந்தப் பிள்ளையா?"

"ஆமா மேடம்" என்றேன்.

"என் கை சும்மா இல்ல. பைலை எடுத்து நீங்களே எழுதுங்க. பதிவேட்டுத் தாள்ல இருக்கிற அந்த 'இல்லை'ங்கிறத அடிச்சிட்டு எழுதுங்க."

முனீஸ்வரி குடத்தைப் பார்த்தே வீட்டைச் சொல்வாள். சிவப்பு நூல் கட்டினது பிர்சா வீடு, வாய் உடைஞ்சது சலோமி வீடு என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். தண்ணீர் நின்றபோது நாற்பத்தொரு குடும்பம் ஆகியிருந்தது. மேடம் குழந்தையை இடுப்பில் வைத்தபடியே கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. பழைய ரேஷன் கடை எங்களுக்கு. குழாயடியில் நின்றே அதை எனக்குத் தெரிந்த இந்தியில் படித்துக் காட்டினேன். சுக்மதி முழுதாகக் கேட்கக்கூட இல்லை. முனீஸ்வரியின் அடுப்படிக்குள் நுழைந்து தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்து தெரு நடுவே நின்று அடி அடியென்று அடித்தாள். "ஏ, தண்ணி இல்லாமத் தட்டாதடி" என்று கத்தினாளே தவிர, முனீஸ்வரி அவள் கையைப் பிடிக்கவில்லை.

கதவுகள் திறந்தன. எல்லோரும் குடத்தோடு ஓடிவந்து வறண்ட குழாயைப் பார்த்தார்கள், சுக்மதியைப் பார்த்தார்கள். சேதி வாய்க்கு வாய் போனது. யாரும் திரும்பிப் போகவில்லை. சுக்மதியின் காலி அண்டாவுக்குள் யாரோ மங்கரியை இறக்கிவிட்டிருந்தார்கள். அவள் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்று, தன் பங்குக்கு உள்ளிருந்து அண்டாவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.