இருபது ஜிலேபி

இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலம்மாள் வலையை இழுத்தாள். நாலு மாதம் கழித்து இன்றைக்குத்தான் கொள்ளிடத்தில் அவளுக்கு வலை விட அனுமதி, அதுவும் சோதனைக்காக.

சின்னக் கண்ணி வலையால் குஞ்சுகளை வாரி ஆற்றில் மீனே இல்லாமல் செய்துவிட்டாள் என்று லைசென்ஸைப் பிடுங்கியிருந்தார்கள். "குஞ்சே பொரிக்கல சார், எங்கேருந்து வாருறது?" என்று அப்போதே சொன்னாள். காதில் வாங்கியது கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் சம்ரீன் ஒருத்திதான். வேலம்மாள் பிரித்துக் கொடுத்த ஆண் மீன்களின் ரத்தத்தை அவள் சோதித்துப் பார்த்தாள்.

"முட்டைக்குள்ள மஞ்சக்கரு இருக்குல்ல சார், அத உண்டாக்குற புரதம் பொட்ட மீன் ரத்தத்துலதான் ஓடணும்" என்று கரையில் நின்ற மீன்வள அதிகாரி அழகிரியிடம் சொன்னாள் சம்ரீன். "ஆலைக் கழிவுக் குழாய்க்குக் கீழ பிடிச்ச ஆண் மீன்லயும் ஓடுது. குழாய்க்கு மேல பிடிச்சதுல இல்ல. தண்ணியில பெண் ஹார்மோன் மாதிரி ஏதோ கலக்குது. அதான் குஞ்சு இல்ல."

ஆலையிலிருந்து வந்திருந்த ஜெயக்குமார் சிரித்தார். "ஆண்னு பிரிச்சுக் குடுத்தது யாரு? இந்தம்மா. பொட்டைய எடுத்துக் குடுத்திருந்தா?"

"முப்பது வருஷமா மீன் அறுக்கறேன் சார்."

"அறுத்தப்புறம் எனக்கும்தான் தெரியும்."

அழகிரி கையமர்த்தினார். "இருபது மீன் எடுங்க. அறுக்காம சொல்லட்டும். தப்புன்னா ரிப்போர்ட்டும் கிடையாது, லைசென்சும் கிடையாது."

வேலம்மாள் ஒவ்வொரு ஜிலேபிக் கெண்டையாக மல்லாக்கத் திருப்பி, கட்டைவிரலால் அடிவயிற்றை நீவினாள். "ஆணு. ஆணு. பொட்ட. ஆணு." இரண்டு வாளிகள் நிறைந்தன.

"இவ்ளோ வேகமாவா?" என்றார் அழகிரி.

"மெதுவா பாத்தா மாறிடுமா சார்?"

கடைசி மீன் மட்டும் அவள் கையிலேயே இருந்தது.

"என்னம்மா, மாட்டிக்கிட்டீங்களா?" என்றார் ஜெயக்குமார்.

"இது ஆணு. ஆனா அமுக்கினா விந்துப் பால் வரல, உள்ள நெருடுது. முட்டையும் இருக்கும், பாருங்க."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டும் இருந்தா எப்படி சார் ஒண்ணு சொல்றது?"

அவள் புருஷன் தர்மராஜ் அரிவாள்மனையில் உட்கார்ந்தான். ஒவ்வொன்றாக அறுத்துக் காட்ட, அழகிரி தொட்டுப் பார்த்துக் குறித்தார். பத்தொன்பதும் சரி. இருபதாவதன் வயிறு திறந்தது. வெள்ளைப் பால்பைக்குள் கடுகளவில் மஞ்சள் மணிகள். அழகிரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஜெயக்குமார் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

"இருபதும் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அழகிரி, கோப்பிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினார். கரையில் நின்ற வலைக்காரப் பெண்கள் குலவையிட்டார்கள். சம்ரீன் வேலம்மாளைச் செதிலோடு கட்டிக்கொண்டாள்.

"நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே குடிச்சிருக்கேன்னு சொல்லிருவா சார்" என்றான் தர்மராஜ். "மீன் எம்மாத்திரம்."

"நீயும் அறுக்காம தப்பிச்சே, போ" என்றாள் அவள். பிறகு அழகிரியிடம் திரும்பினாள். "குழாய எப்ப சார் அடைப்பீங்க?"

"மேல எழுதறேம்மா. ஆர்டர் வரணும்."

கார் அருகே ஜெயக்குமார் மினரல் வாட்டர் பாட்டிலைச் சாய்த்துப் பிடிக்க, அழகிரி சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினார். இரண்டாவது பாட்டிலும் காலியானது. வேலம்மாள் லைசென்ஸைத் தர்மராஜ் கையில் கொடுத்துவிட்டு ஆற்றில் இறங்கினாள். குழாயிலிருந்து மிதந்து வந்த நுரையைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு, இரு கையாலும் தண்ணீரை அள்ளி முகம் கழுவினாள்.