சுலோசனைக்கு ஒரு பீடம்

வாசகசாலைக்கு ஆள் வரவேண்டும். வைகுண்டராஜனுக்கு அந்த வருஷம் வேறு கவலை இல்லை.

பகலில் கருங்கல் சந்தையில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழிப்பான். மாலையில் ஊர் வாசகசாலைக்குச் செயலாளர். சம்பளமில்லாத பதவி; ஆகவே போட்டியில்லை. வாசகசாலை இருந்த முறி, அந்த ஒற்றை அறை, கொப்பரை வியாபாரி பகவதியப்பனுடையது. ஒரு வருஷத்துக்கு இனாமாகக் கொடுத்திருந்தார். அதற்குள் நூலகச் சங்கத்தின் அங்கீகாரம் கிடைத்தால் தொடரலாம். இல்லாவிட்டால் முறியில் கொப்பரை போடுவார். கோபமாகச் சொல்லவில்லை. கொப்பரைக்கு அது நல்ல முறி என்று எல்லோருக்கும் தெரியும்.

அங்கீகாரம் வேண்டுமானால் பொதுமக்களுக்கு நிகழ்ச்சிகள் நடத்த வேண்டும். வைகுண்டராஜன் வாசலில் கரும்பலகை தொங்கவிட்டு 'வரும் நிகழ்ச்சிகள்' என்று எழுதினான். 'உலக சமாதானம்' சொற்பொழிவுக்கு நாலு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மழை விட்டதும் சமாதானத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள். 'தென்னைக்கு உரம்' பற்றிப் பேச வந்தவருக்குச் சொந்தமாக ஒரு தென்னைகூட இல்லை என்று முன்தினமே தெரிந்துவிட்டதால் அதற்கு யாரும் வரவில்லை.

கடைசியில் வியாழக்கிழமை மாலைகளில் நாவல் வாசிப்பு என்று எழுதினான். பெண்கள் வந்தார்கள். முடைவதற்கு ஓலையும் கொண்டுவந்தார்கள். அவன் வாசிப்பான், அவர்கள் முடைவார்கள். கதை பிடித்திருக்கிறதா என்று அறிய அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, கைகளைப் பார்ப்பான்.

நாவல் சென்னையிலிருந்து வந்தது. சுலோசனா என்ற ஏழைப்பெண்ணைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லி ரகுநாதன் என்ற பணக்காரன் கைவிடுகிறான். பதினாலாம் அத்தியாயத்தில் அவள் வயிற்றுப் பிள்ளையோடு கிணற்றில் குதிக்கிறாள். அதை வாசித்தபோது எல்லாக் கைகளும் நின்றன. ஓலையைக்கூட எடுக்காமல் எழுந்து போனார்கள். நன்றாக வாசித்துவிட்டோம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் வாசகசாலைக்கு மேற்கே பூவரச மரத்து மூட்டில் ஒரு செங்கல் நட்டிருந்தது. மஞ்சள் பூசி, செவ்வரளி மாலை போட்டு, முன்னால் எண்ணெய் விளக்கும் வைத்திருந்தார்கள்.

யார் என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் நேராக அன்னக்கிளி வீட்டுக்குப் போனான். ஊர் முறையில் அவனுக்கு மைனி, அண்ணன் மனைவி. முன்வரிசையில் உட்கார்ந்து கதை கேட்பவள்.

"மைனி, அது என்ன செங்கல்லு?"

"சுலோசனைக்கு. பிள்ளத்தாச்சி துர்மரணம் போயிருக்கா. கோவம் அடங்காம இசக்கியம்மனா வந்து நிப்பா. இருக்க இடம் குடுக்காண்டாமா?"

"அது கதையாக்கும்."

"கதையில்லாத இசக்கி எங்க உண்டு? உமக்க குடும்பத்து இசக்கிக்குக் கதை இல்லியா?"

இருந்தது. ஆகவே வேறு வாதத்துக்குப் போனான்.

"அவ செத்தது மெட்ராசுல. பீடம் அங்கயில்லியா வைக்கணும்?"

"மெட்ராசுலயா?" அன்னக்கிளி முறத்தைக் கீழே வைத்தாள். "கொழுந்தனாரே, அவ செத்தது நம்ம வாசகசாலையிலயாக்கும். நீரு நாற்காலியில இருந்து சொன்னீரு, நாங்க இருந்து கேட்டோம். நாப்பது பேரு சாட்சி உண்டு."

"அச்சடிச்சத வாசிச்சேன். நானா தள்ளிவிட்டேன்?"

"தள்ளல்ல. பிடிக்கவும் இல்லியே."

அடுத்த வியாழக்கிழமை ஒருவரும் வரவில்லை. செங்கல் போதாது, முறையாகப் பீடம் கட்டி அவளை அமர்த்தாமல் அந்த முறிக்குள் கால் வைக்க மாட்டோம் என்று சொல்லியனுப்பினார்கள். இருக்க இடமில்லாதவள் வாசலில்தானே நிற்பாள், பிள்ளைகளை எப்படிக் கூட்டிவருவது என்று கேட்டார்கள். வைகுண்டராஜன் காலி முறியில் உட்கார்ந்து பதினைந்தாம் அத்தியாயத்தைத் தனக்குள் வாசித்தான். பகவதியப்பன் வந்து எட்டிப்பார்த்தார். முறியின் நீளத்தைக் காலால் அளந்துவிட்டுப் போனார்.

சங்கத்து மேற்பார்வையாளர் வர ஒரு வாரம் இருந்தது. கூட்டத்தைக் கண்ணால் பார்த்துத்தான் அங்கீகாரம் தருவார் என்று கேள்வி.

வைகுண்டராஜன் கொத்தனாரைக் கூட்டிவந்தான். இடுப்பளவுக்குப் பீடம் எழும்பியது. வெள்ளை அடிக்கும்போது கூடவே நின்று, மூலை சரியில்லை என்று இரண்டு தடவை சொன்னான். மாலை கரும்பலகையில் நிகழ்ச்சியை எழுதினான்: 'நாவல் வாசிப்பு, நிறைவு.'

மேற்பார்வையாளர் மைதீன் கனி கோட்டாற்றுக்காரர். வியாழக்கிழமை சைக்கிளில் வந்தார். முறி நிறைந்து, வாசல் நிறைந்து, பூவரசு மூடுவரைக்கும் ஆள். பொங்கல் பானை, கமுகம்பூ, காலைக் கட்டிய ஒரு சேவல். அவர் சைக்கிளை எங்கே சாய்ப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

"என்ன நிகழ்ச்சி?"

"நாவல் வாசிப்பு."

"சேவல்?"

"வாசகர் கொண்டு வந்தது," என்றான் வைகுண்டராஜன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வைகுண்டராஜன் நின்றுகொண்டு கடைசி அத்தியாயத்தை வாசித்தான். ரகுநாதனுக்குக் கல்யாணம் நடக்கிறது. புது மோட்டார் வாங்குகிறான். மனைவியோடு ஊட்டிக்குப் போகிறான். வழியில் பனி விலகி மலை தெரிகிறது. அவ்வளவுதான். அச்சடித்ததை அச்சடித்தபடி வாசித்துப் புத்தகத்தை மூடினான். ஒரு கையும் ஓலையில் இல்லை. அன்று ஓலையே கொண்டுவரவில்லை.

"அவன் நல்லா இருக்கானா?" என்று அன்னக்கிளி கேட்டாள்.

"இருக்கான்."

"காருலயா?"

"காருலதான்."

"மீதி?"

"மீதி இல்ல மைனி. புத்தகம் முடிஞ்சு."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. ஒருத்தி எழுந்து நின்றாள். இனி எல்லோரும் எழுந்துவிடுவார்கள் என்று வைகுண்டராஜன் எண்ணினான். மைதீன் கனி பேனாவைத் திறக்காமல் கையில் வைத்திருந்தார்.

"இருடி," என்றாள் அன்னக்கிளி, நின்றவளிடம். "இன்னைக்குத்தான் அவளைப் பீடத்துல அமர்த்துதோம். ஒரு பலி, ஒரு கொடைகூட வாங்காதவளுக்கு அவனை அடிக்க எங்க இருந்து பலம் வரும்? காருல போறவனாக்கும்."

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. நின்றவளும் உட்கார்ந்தாள்.

மைதீன் கனி தொண்டையைச் செருமினார். "வரும் நிகழ்ச்சி என்னது? அது இருந்தாத்தான் அங்கீகாரம்."

வைகுண்டராஜன் 'காசநோய்த் தடுப்பு' என்று சொல்ல வாயெடுத்தான்.

"சித்திரையில கொடை," என்றாள் அன்னக்கிளி. "வில்லுப்பாட்டும் உண்டு."

மேற்பார்வையாளர் பீடத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். "பாடுத கதை புத்தகத்துல உள்ளதுதானா?"

"பின்ன? இவரு வாசிச்சதுதான்."

"அப்போ அது நூலக நிகழ்ச்சிதான்," என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார். அவர் எழுதி முடிக்கும்வரை சேவல் ஒன்றுதான் சத்தம் போட்டது.

பங்குனி கடைசியில் வில்லுக்காரர் முத்துநாயகம் கதை கேட்டு வாசகசாலைக்கு வந்தார். வைகுண்டராஜன் நாவலை நீட்டினான். அவர் கையில் வாங்கவில்லை.

"வாயால சொல்லும். அவளுக்குத் தாயாரு பேரென்ன?"

"புத்தகத்துல இல்ல."

"எத்தனை கோயில் சுத்தி அவளைப் பெத்தா?"

"அதுவும் இல்ல."

"என்னவே எழுதியிருக்கான்?" முத்துநாயகம் வெற்றிலையை மடித்தார். "சரி, அதெல்லாம் நான் போட்டுக்கிடுவேன். அந்தப் பயலுக்கு முடிவு? அதை நாமளா இட்டுக்கட்டிப் பாடணும். கார் உருண்டு சாகட்டா?"

வைகுண்டராஜன் வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டான்.

"அது சட்டுன்னு முடிஞ்சு போவும்," என்றான். "மெதுவாச் சாகட்டும்."